கீழ்வீட்டு அவகாசம்

1

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அண்ணன், நான் புலம்பெயர்ந்தவள் என்பதை இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ரயில் ஏறினால் விடிகாலையில் போய் இறங்குகிற ஊர், அதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று கேட்பான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் கடல் தாண்டவில்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கும் ஒரு கிடங்குக்கு மேலே, மரப்படி ஏறி வரவேண்டிய ஒற்றை அறையில் வக்கீலாக உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில், பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரியாமல் கும்பளங்கிக்குப் போகும் வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரும் மீன் வளர்க்கும் பாத்திகளுமாக இருந்த ஒரு ரோட்டில், கையில் சட்டப் புத்தகத்தோடு இறங்கி நின்றேன். எனக்கு அன்றைக்குப் புரிந்ததை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது?

என் கணவர் சிவாவின் குடும்பம் கொச்சிக்கு வந்து மூன்றாவது தலைமுறை. அவருடைய தாத்தா மாநகராட்சி வேலைக்கு வந்தவர். சிவாவும் மாநகராட்சியில்தான், சுகாதாரப் பிரிவில். அவர்கள் வீட்டில் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிறார்கள். நான் முழு வாக்கியத்தையும் தமிழிலேயே பேசி முடித்தால், நாடகம் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

மதுரையில் எடுத்த வக்கீல் பதிவை இங்கே மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால். இங்கே பெரும்பாலும் பின்னால். கா.சுமதி என்று ஒரு சான்றிதழ், சுமதி கா. என்று இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நகரத்துக்கு நடுவில் இருக்கிற ஆபீசுக்கு வில்லேஜ் ஆபீஸ் என்று பெயர். அங்கே இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு அக்கம்பக்கத்தில் சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் எனக்கு அப்போது யாரையுமே தெரியாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. மலையாள வருடப் பிறப்பன்றுதான் இந்த அறையைத் திறந்தேன். இந்த வருடமும் அந்த நாள் வந்து போனது. அதே வாரத்தில், மதுரையில் என்னோடு படித்த தோழி போன் செய்து, அங்குள்ள இளம் வக்கீல்களுக்குக் கட்சிக்காரரை நல்லபடியாகக் கவனிப்பது எப்படி என்று பேச முடியுமா என்றாள். மொழி தெரியாத ஊரில் ஒருத்தி தொழிலை நிலைநிறுத்திக் காட்டியிருக்கிறாள், அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவள் எண்ணம். பாயிண்ட் பாயிண்டாகப் பேச எனக்கு வராது, நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பத்திடமும் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2

ஆரம்பத்தில் என் மலையாளம் சந்தைக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. கட்சிக்காரர் பேசுவதில் பாதி புரியும், மீதியை ஊகிக்க வேண்டும். ஊகித்து எழுதி வைத்த வக்கீல் உருப்பட முடியாது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. அவர்கள் பேசி முடித்ததும், நீங்கள் சொன்னது இதுதானே என்று முழுவதையும் என் ஓட்டை மலையாளத்தில் திருப்பிச் சொல்வேன். தப்பு இருந்தால் திருத்துவார்கள். திருத்தும்போது, முதலில் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று வெளியே வரும்.

எனக்கு அது பிழைப்புக்கான உபாயம். அவர்களுக்கோ அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. எறணாகுளம் பிராட்வேயில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், நான் திருப்பிச் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அண்ணன் தம்பிகள்கூட இதை இவ்வளவு தூரம் கேட்டதில்லை என்றார். நான் கவனமாகக் கேட்டேன் என்று நினைத்துவிட்டார். உண்மையில் பயந்துபோய்க் கேட்டேன்.

இரண்டாவது வழக்கமும் அப்படி வந்ததுதான். கோபமாக வரும் கட்சிக்காரருக்கு அன்றைக்கே நோட்டீஸ் அனுப்ப மாட்டேன். மலையாளத்தில் எழுதவோ படிக்கவோ எனக்கு ஒரு ராத்திரி வேண்டும். மறுநாள் காலையில் வரச் சொல்லி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன். பிறகு எழுத்து கைவந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு நாளை விடவில்லை.

மூன்றாவது, வாய்தா வெறுமனே தள்ளிப்போன நாளிலும் கட்சிக்காரருக்குப் போன் செய்து, இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவது. நம் ஊரில் சீனியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வழக்கு போட்டவனுக்கு ஒன்றும் நடக்காத நாள்தான் பெரிய நாள். நமக்கு இன்னொரு வாய்தா, அவனுக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு இங்கே ஒன்றும் புரியாமல் ஆபீஸ் ஆபீசாக நின்ற நாட்கள் இருந்ததால் இது தெரிந்தது. அந்த வகையில் அந்த வில்லேஜ் ஆபீஸ் அம்மாளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

3

சேவியர் சேட்டன் என் ஆபீசுக்கு வந்தது ஒரு டிசம்பர் மாதம். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். படகு ஓட்டுகிறவரை இங்கே ஸ்ராங்கு என்பார்கள். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், அவர் ரகசியம் சொன்னாலும் கீழே கிடங்கில் மூட்டை சுமப்பவர்களுக்குக் கேட்கும். அன்றைக்கு அவர் ரகசியம் சொல்ல வரவில்லை.

அவருக்கு இரண்டு மாடி வீடு. மேலே அவரும் மனைவி ஃபிலோமினாவும். கீழே வாடகைக்கு ஒரு தமிழ்க் குடும்பம். புருஷன் ஆலுவாப் பக்கம் கட்டட வேலைகளில் டைல்ஸ் ஒட்டுகிறான், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். மனைவி முத்துலட்சுமி ஒரு ஹோட்டல் சமையலறையில் காய் நறுக்குகிறாள். ஒரே பெண், பிளஸ் டூ படிக்கிறாள். பல வருடமாக இருக்கிறார்கள், ஒரு வம்பும் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. கீழ்வீடு தனக்கு வேண்டும், காலி செய்யச் சொன்னேன் என்றார். அதற்கு அவள் சொன்ன பதிலைச் சொல்லும்போது மேசையில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

“என்றெ முகத்து நோக்கி அவள் பறஞ்ஞு வக்கீலே, அவகாசம் வேணம்னு.”

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. முகத்துக்கு நேராகப் பார்த்து, எனக்கு உரிமை வேண்டும் என்று கேட்டாளாம். ஒரு வீட்டுக்காரர் இதற்கு ஏன் இவ்வளவு பதற வேண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றலாம். இங்கே ஒரு காலத்தில், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு அந்த இடம் சட்டப்படி சொந்தமானது. குடிகிடப்பு என்பார்கள். நல்ல சட்டம்தான், எத்தனையோ ஏழைகளுக்குக் கூரை கொடுத்தது. ஆனால் ஒரு சின்ன வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறவர்களின் எலும்பில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. குடியிருப்பவர் வாயிலிருந்து அவகாசம் என்ற சொல் வந்தால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

கீழ்வீடு எதற்காக வேண்டும் என்று கேட்டேன். சொந்த உபயோகத்துக்கு என்றார். என்ன உபயோகம் என்று மறுபடி கேட்டேன். என் வீட்டுக்கு நானே காரணம் சொல்ல வேண்டுமா என்று சீறினார். சரி, நாளைக் காலையில் வாருங்கள், நோட்டீஸ் தயாராக இருக்கும் என்று அனுப்பினேன். எதிரில் இருப்பவள் நம் பக்கத்துப் பெண்ணாக இருந்தாலும், நான் அவருடைய வக்கீல். அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. குடியிருப்பவர் உரிமை கொண்டாடுகிறார் என்று குறித்துக்கொண்டு, மத்தியானமே நோட்டீசை எழுதியும் முடித்துவிட்டேன்.

4

அன்றைக்குச் சாயங்காலம் தோசைக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடமிருந்து போன். என் மகள் வர்ஷா எடுத்தாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மலையாளம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். மாமாவோடு கொஞ்ச நேரம் ஊம் போட்டுவிட்டு வந்து, எனக்குச் சேதி சொன்னாள்.

“அம்மா, மாமாவுக்கு அந்த நிலத்துல ஏதோ அவகாசம் உண்டாம். தாலுகா ஆபீஸ்ல கேட்டிருக்காராம்.”

எங்கள் அப்பா பெயரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு உரிமை இல்லை என்று யார் சொன்னது, எதற்காகக் கேட்டான் என்று ஒன்றும் புரியாமல் போனை வாங்கிக் கேட்டேன். அவன், பேப்பர் எல்லாம் சேர்க்க இன்னும் ஒரு மாசம் அவகாசம் கேட்டிருக்கேன், அதைத்தான் பாப்பாகிட்ட சொன்னேன் என்றான்.

வர்ஷாவிடம் சிரித்துக்கொண்டே, தமிழில் அவகாசம் என்றால் உரிமை இல்லையடி, நேரம், தவணை என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. தோசைக் கல் காய்ந்து புகைந்தது.

முத்துலட்சுமி தமிழ்ப் பெண். சில வருடம் கொச்சியில் இருந்துவிட்டதால் மலையாளத்தைக் கலந்துதான் பேசியிருப்பாள். ஆனால் அவகாசம் அவளுக்கு எந்த அவகாசம்? காலி செய் என்று சொன்ன வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பது என்ன?

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சொல்லை நானும் காலையில் உரிமை என்றுதான் கேட்டேன். ஒரு நொடிகூட வேறு மாதிரி தோன்றவில்லை. மகள் தமிழை விட்டு விலகிப் போகிறாள் என்று அண்ணனிடம் புலம்பிக்கொண்டிருந்தவள், அவளுக்கு முன்னாலேயே நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். மலையாளம் நன்றாக வந்துவிட்ட பிறகு, கட்சிக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் கேட்பதையும் குறைத்துக்கொண்டிருந்தேன். புரிந்துவிட்டதென்று நினைக்கிறபோது யார் திருப்பிக் கேட்கிறார்கள்?

சாப்பிடும்போது சிவாவிடம் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, விஷயத்தை மட்டும். அவர் யோசித்துவிட்டு, கட்சிக்காரர் கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே நல்ல சர்வீஸ், அவர் நோட்டீஸ் கேட்டார், நீ எழுதிவிட்டாய், அனுப்பிவிடு, அந்தப் பெண்ணுக்கு வேறு அர்த்தம் இருந்தால் அவள் பதில் அனுப்பட்டும் என்றார். மாநகராட்சியில் வேலை செய்கிறவர் பேசுவது போலத்தான் பேசினார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் நோட்டீஸ் போனால் அவள் பயந்துபோய் ஒரு வக்கீலைத் தேடுவாள். அந்த வக்கீல், உரிமை இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம் என்று ஒரு பதில் எழுதுவார். இல்லாத உரிமை அன்றைக்குப் பிறந்துவிடும். பிறகு வருடக் கணக்கில் தோப்பும்படியில் இருக்கும் கோர்ட்டுக்கு நடக்கப்போகிறவர் சேவியர் சேட்டன்தான். அவர் என்னிடம் கேட்டது ஒரு காகிதத்தை. அவருக்கு வேண்டியது கீழ்வீடு.

5

மறுநாள் காலையில் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். நோட்டீசைப் படித்துக் காட்டவில்லை. அவகாசம் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று பொறுமையாகச் சொன்னேன். நோட்டீஸ் அனுப்பும் முன், உங்கள் முன்னிலையில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள் என்றேன்.

அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நிங்ஙளும் தமிழல்லே வக்கீலே.”

நீங்களும் தமிழ்தானே. அவ்வளவுதான் சொன்னார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. மீன்காரரோ, கோர்ட் ஊழியர்களோ, எதிர்த்தரப்பு வக்கீல்களோ யாரும் சொல்லவில்லை. முகம் சுட்டது. கோபித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வராதா? அருப்புக்கோட்டையில் என் அண்ணனுக்கு ஒரு மலையாளி வக்கீல், எதிரில் ஒரு மலையாளிக் குடித்தனக்காரர் என்றால், அண்ணன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய வீட்டுப் பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இவை உங்களுடையவை, வேறு வக்கீலிடம் போனால் எனக்கு வருத்தம் இல்லை, எழுதிய நோட்டீசையும் வேண்டுமானால் கொண்டுபோங்கள் என்றேன். ஒன்று மட்டும் மலையாளத்தில், எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான மலையாளத்தில் சொன்னேன். அவள் உரிமை என்ற பொருளில்தான் கேட்டாள் என்று தெரிந்தால், அன்று சாயங்காலமே நோட்டீஸ் போகும், அதில் என் கையெழுத்து இருக்கும்.

அவர் காகிதங்களை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கட்சிக்காரர் போவது பெரிதில்லை, எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவர் எந்தச் சந்தேகத்தோடு போனார் என்பதுதான் உறுத்தியது. இந்தக் கடைத்தெருவில் ஒரு பேச்சு பரவ ஒரு சாயா நேரம் போதும். மட்டாஞ்சேரித் தமிழச்சி வக்கீல் தன் ஆளுக்குத்தான் பார்ப்பாள் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் தலையாட்டினால், மரப்படி ஏறி வர ஆள் இருக்காது.

திங்கட்கிழமை அவர் வந்தார். துணிப்பையை மேசைமேல் வைத்தார்.

“ஃபிலோ பறஞ்ஞு, சோதிச்சு நோக்கான்.”

ஃபிலோமினா, கேட்டுத்தான் பாருங்களேன் என்று சொன்னாராம். பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. ஓணம் முடிந்த சமயத்தில் ஃபிலோமினா சேச்சிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் சரியாக வரவில்லை, பேச்சும் குழறிப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப் போனார்கள். அதன் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. வீட்டின் படி அவ்வளவு செங்குத்து. கீழ்வீடு வேண்டியது அவருக்காக. மனைவி இப்படிக் கிடக்கிறாள் என்று அடுத்தவரிடம் சொல்ல சேவியர் சேட்டனுக்கு மனம் வரவில்லை. தூக்கிப் போன நேரத்தில் ஹோட்டல் வேலையில் இருந்த முத்துலட்சுமியிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது, சேச்சிக்குக் கொஞ்சம் சுகமில்லை என்பது மட்டும்தான்.

குழறிய பேச்சோடு படுத்திருக்கும் ஒருவர், தான் சொல்வது மற்றவர்களுக்கு எட்டாமல் போவதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரம் ஆகியிருக்கும். என் தொழிலைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்றைக்கு மத்தியானமே அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் மேலே ஏறி ஃபிலோமினா சேச்சியைப் பார்த்தேன். ஜன்னலோரம் கட்டில். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு ஓடு மட்டும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது, சாயா குடித்தாயா என்று கேட்கிறார் என்று புரிந்தது.

கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினோம். முத்துலட்சுமி ஹோட்டல் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வீட்டுக்காரரோடு கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. நான் தமிழில் பேசினேன். நான் சேட்டனோட வக்கீல், உன்னோட வக்கீல் இல்ல, அத முதல்ல தெரிஞ்சுக்க, வேற வக்கீலப் பாத்துட்டு அப்புறம் பேசணும்னாலும் பேசலாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சேட்டன் காலி பண்ணச் சொன்னப்ப நீ என்ன கேட்டே என்றேன்.

“பிள்ளைக்குப் பரீச்சை முடியற வரைக்கும் அவகாசம் கேட்டேன் மேடம். மார்ச் கடைசி வரைக்கும். அது தப்பா? அன்னைல இருந்து சேட்டன் மூஞ்சி குடுத்துப் பேசறதே இல்ல.”

சேவியர் சேட்டன் என்னைப் பார்த்தார். அவகாசம் என்ற சொல் அவர் காதிலும் விழுந்தது. நான் மலையாளத்தில், அவள் கேட்டது சமயம், பெண்ணின் பரீட்சை முடியும் வரை, வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

“சமயமோ?” என்றார்.

“சமயம் மாத்ரம்.”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று புரியாமல் முத்துலட்சுமி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

அவருடைய சம்மதத்தோடுதான் ஃபிலோமினா சேச்சியின் நிலைமையை அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். மேலே மூன்று மாதமாக ஒருவர் இறங்க முடியாமல் இருந்திருக்கிறார், கீழே நாம் பாட்டுக்குக் காய்கறிப் பையோடு போய் வந்துகொண்டிருந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

“இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சேட்டா? முன் ரூமை எடுத்துக்கங்க. நாங்க பின்னாடி ரெண்டு ரூம்ல இருந்துக்கறோம். பரீச்சை முடிஞ்சதும் மொத்தமா விட்டுர்றோம்.”

இது எனக்குத் தோன்றியிருக்காத யோசனை. வக்கீல் புத்தி இப்படி யோசிக்காது. யோசித்தாலும் பயப்படும். அவரைத் தனியாக அழைத்துப் போய், ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் நாளைக்கு என்னென்ன சிக்கல் வரலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்கள் ஏப்ரலில் போகாமல் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் சொன்னேன். சொல்லவேண்டியது என் கடமை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வக்கீலே, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்பந்தம். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. இரண்டையும் அந்த வாசலிலேயே உரக்கப் படித்தேன். தமிழில் எழுதியதில் அவகாசம் என்ற சொல்லை மட்டும் போடாமல், மார்ச் மாதம் முடியும் வரை என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிலோமினா சேச்சியைக் கீழே இறக்கினார்கள். சர்ச்சிலிருந்து வந்த நான்கு பையன்களும், ஆலுவாவிலிருந்து வந்திருந்த முத்துலட்சுமியின் புருஷனும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். சேவியர் சேட்டன் கீழே நின்று, படகைத் துறையில் அணைப்பது போல, இடது, கொஞ்சம் வலது, மெதுவாக, நிறுத்து என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கட்டளையிட்டார். நாற்காலியை முன் அறையில் தெருவைப் பார்க்க வைத்தார்கள். ஒரு ஸ்கூட்டர் போயிற்று. ஒரு ஆடு போயிற்று. ஃபிலோமினா சேச்சி எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

6

முத்துலட்சுமி குடும்பத்தார் ஏப்ரல் பிறந்ததுமே போனார்கள், சொன்னபடியே. தோப்பும்படிப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. முன் அறையில் சேச்சி இருந்த அந்த மாதங்களில், பின் அறையில் பெண் படித்துக்கொண்டிருந்ததால், சேவியர் சேட்டன் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்தார் என்று முத்துலட்சுமி பிறகு சொன்னாள். அது அந்தத் தெருவே பேசிக்கொண்ட அதிசயம்.

தோழி கேட்டதற்கு என் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். கட்சிக்காரரைக் கவனிப்பதென்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மொழி தெரியாத ஊர் அதைக் கற்றுக் கொடுத்தது. மொழி தெரிந்துவிட்ட பிறகு மறக்க இருந்தேன். ஒரு தமிழ்ப் பெண்ணும், பேச்சு குழறிய ஒரு மலையாளி அம்மாளும் ஞாபகப்படுத்தினார்கள். என்னைச் சந்தேகப்பட்டுப் போன மனிதர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாரே, அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரை அண்ணனிடம் வெளியூர் என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

அந்த வருடம் மழை பிடித்த பிறகு ஒரு நாள், மரப்படியில் கனமான காலடிச் சத்தம். சேவியர் சேட்டன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே முத்துலட்சுமி. பெண்ணுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் குடும்பம் இத்தனை வருடம் கேரளத்தில் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்கிறார்கள். வாடகைக்கு எழுத்து ஒன்றும் இல்லை. அதனால் அவள் சேவியர் சேட்டனைத் தேடிப் போயிருக்கிறாள். அவர், இந்தக் குடும்பம் என் வீட்டில்தான் இருந்தது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி, அவளை இங்கே கூட்டி வந்திருக்கிறார்.

முத்துலட்சுமி என்னைப் பார்த்து, “அக்கா...” என்று தமிழில் ஆரம்பித்தாள். சேவியர் சேட்டன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வக்கீலே, இவளுக்கு மலையாளம் அத்ர போரா. இவள் பறயுந்நது நிங்ஙள்க்கு மனஸ்ஸிலாவில்லா. ஞான் பறஞ்ஞு தராம்.”

இவளுக்கு மலையாளம் போதாது, இவள் சொல்வது உங்களுக்குப் புரியாது, நான் சொல்லித் தருகிறேன் என்று, ஒரு தமிழச்சியின் விஷயத்தை இன்னொரு தமிழச்சிக்கு மலையாளத்தில் விளக்க ஆரம்பித்தார். கீழே கிடங்கு வரைக்கும் கேட்கும் குரலில், முதலிலிருந்து, ஒன்றும் விடாமல்.

முத்துலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவரை நிறுத்தவில்லை. நான் பேனாவை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.